இடம் மாறிய பொத்தான்

போன மாதம் ஃபரீட் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் நான் எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். நாற்பது வயது, நல்ல வேலைக்காரர், என் அளவுக்கு வாயும் கிடையாது. வேலைப் படங்கள் வரையும் பழைய எடிட்டர் மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவரப் போகிறார்களாம். என்ன வேண்டும் என்று தட்டினால் போதும், படத்தை அதுவே வரைந்து கொடுத்துவிடுமாம். அதற்கு முன் ஒரு சந்தேகம். பழைய எடிட்டரில் ஒரு கட்டத்தை அழித்தால் அது ஏன் போய்த் தொலையாமல் சாம்பல் நிறப் புள்ளிக்கோடாக அங்கேயே நிற்கிறது, எதற்காக ஒரு வரி காரணம் கேட்டு உயிரை எடுக்கிறது, புதியதிலும் இது அவசியமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். யாரும் அதில் உருப்படியாக எதையும் எழுதுவதில்லை என்பதற்குச் சாட்சியாக, இதுவரை ஆட்கள் எழுதிய காரணங்களை எல்லாம் பட்டியலாக்கி இணைத்தும் இருந்தார்.

முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒருவர் 'ஓகே' என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் வெறும் புள்ளி வைத்திருக்கிறார். ஒரு புண்ணியவான் 'போஸ் சொன்னார்', அதாவது மேலாளர் சொன்னார் என்றே மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். எடுத்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று பதில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. அது வந்த கதையைக் கைப்பேசியில் இரண்டு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் ஜெலுத்தோங் பிளாட்டில் வளர்ந்தவள். பள்ளி முடித்த கையோடு, பதினெட்டு வயதில் தொழிற்சாலை லைனில் போய் உட்கார்ந்தேன். மின்சுற்றுப் போர்டில் பாகங்களைச் செருகும் வேலை. முன்னால் அரைவட்டமாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வகைப் பாகம். முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதே, கையைப் பார்க்காதே, போர்டைப் பார் என்பதுதான். கை தானாகப் போய் மூன்றாவது பெட்டியில் எடுத்துவர வேண்டும். அதனால் லைனில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. ஒரு பெட்டியின் இடத்தை மாற்றினால் அதன் விளிம்பைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்ட வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போது எல்லாரையும் நிற்கவைத்து அதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்துத்தான் டேப்பை உரிக்கலாம். ஒருமுறை யாரோ டேப் ஒட்ட மறந்துவிட, நான் அரை ஷிப்ட் முழுக்கத் தப்பான பாகத்தைச் செருகித் தள்ளினேன். லைன் லீடர் என்னைத் திட்டவில்லை. பெட்டியை மாற்றியவரைத் தேடிப்போய்த் திட்டிவிட்டு வந்தார். பத்தொன்பது வயதில் எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மாலை வகுப்பில் டிப்ளோமா, பிறகு டெக்னீஷியன், பிறகு ஆவணப் பிரிவு. வேறு யாரும் முன்வராததால் கணினியில் புரோகிராம் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. தப்புத் தப்பாக எழுதித்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், தொழிற்சாலையும் கடல் பாலத்தைத் தாண்டிப் பத்து காவானுக்குப் போனது. நானும் கம்பெனி பஸ்ஸில் கடலைப் பார்க்காமல் தூங்கிக்கொண்டே போய்வந்தேன்.

நாங்கள் செய்தது ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குள் போகிற போர்டுகள். ஒவ்வொரு வகைப் போர்டுக்கும் ஒரு படம் உண்டு. ஒரு வேலைக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஓர் அம்புக்குறி. பாகம் வை, அடுப்பில் சூடேற்று, எக்ஸ்ரே எடு, ஓட்டிப் பார், பெட்டியில் போடு என்று போகும். இது சுவரில் மாட்டி அழகு பார்க்கிற படமில்லை. கீழே லைனில் ஓடும் கணினி இந்தப் படத்தைப் படித்துத்தான் போர்டை எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும். படத்தில் இல்லாத வேலை லைனிலும் நடக்காது.

படங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் சிவபாதம் சார், என் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். அலுவலகத்தில் எல்லாரிடமும் ஆங்கிலம், என்னிடம் மட்டும் அவர் வீட்டுத் தமிழ். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படத்தைத் தாளில் அடித்துக்கொண்டு வரச் சொல்வார். பென்சிலைச் சீவுவார். சீவின தூளைக் கையில் வாங்கிக் குப்பைக் கூடையில் போடுவார். பிறகு பென்சில் முனையை முதல் கட்டத்தில் வைத்து, "நான் இப்ப ஒரு போர்டு. என்னை எங்க கொண்டுபோறீங்கள்?" என்று கேட்பார். நாங்கள் சொல்லச் சொல்லப் பென்சில் நகரும். 'இப்ப எனக்குச் சுடுகுது', 'இப்ப என்னை யார் பாக்கினம்' என்று போர்டாகவே பேசுவார். ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். புதிதாக வந்தவர்கள் வெளியே போய்ச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

படம் வரைய ஒரு எடிட்டர் வைத்திருந்தோம். உலாவியில் திறந்துகொள்வது, இலவசமாகக் கிடைத்தது. நமக்கு வேண்டியதை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஒரு கட்டத்தைத் தொட்டால் அதன் வலது தோளில் சின்னச் சின்னப் பொத்தான்கள் வந்து நிற்கும். அழி, கிளை பிரி, அடுத்த கட்டம் சேர் என்று மேலிருந்து கீழாக அதுவே சிலவற்றை வைத்திருக்கும். நம் பொத்தான்கள் வேண்டுமென்றால் ஒரு பட்டியலை எழுதி எடிட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். முதலில் சேருகிற பட்டியல் மேலே நிற்கும், பிறகு சேருவது கீழே நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். 'குறிப்பு' என்ற பொத்தானை நான் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி சேர்த்தேன். அழுத்தினால் ஓரத்தில் ஒரு தாள் திறக்கும், அந்த வேலையைப் பற்றி எழுதி வைக்கலாம். அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்து 'அழி' பொத்தானில் கைவைத்தேன். அதுவரை ஒரு கட்டத்தை அழித்தால் நடுவில் ஓட்டை விழும், படம் அறுந்து கிடக்கும். பார்க்கவே அசிங்கமாக இருக்கும், மறுபடி இணைக்க நேரமும் பிடிக்கும். அழித்ததும் அடுத்த கட்டம் நகர்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, அம்பும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி செய்தேன். பிறகு, எங்கேயும் ஓட்டை இல்லாத படத்துக்குப் பச்சை அடையாளம் விழுகிற மாதிரி ஒரு சோதனையும் எழுதினேன். சாரிடம் போய், இனிமேல் பென்சில் எதற்கு, பச்சை விழுந்தால் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் யோசித்தார். நான் விடவில்லை. ஒருநாள் பென்சிலை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். என் உத்தியோக காலத்தில் இதைவிடப் பெரிய வெற்றி எதையும் நான் நினைத்துப் பெருமைப்பட்டதில்லை.

ஓய்வுக்கு ஏழெட்டு மாதம் இருந்தபோது இது நடந்தது. அறுபது முடிந்தாலும் இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. நானும் அதையே நம்பியிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற ஜாதி இல்லை நான்.

ஒரு வியாழக்கிழமை எக்ஸ்ரே மேசையிலிருந்து போன் வந்தது. அங்கே இருந்தது ஒரு நேப்பாளத்துப் பெண். நேற்றும் போர்டு வரவில்லை, இன்றும் வரவில்லை, மிஷினை அணைத்துவிடட்டுமா என்று கேட்டாள். படத்தைத் திறந்து பார்த்தேன். எக்ஸ்ரே கட்டத்தையே காணோம். சூடேற்று, அடுத்து நேராக ஓட்டிப் பார். அம்பு அழகாக ஒட்டியிருந்தது. பச்சை எரிந்தது. சாரின் கையெழுத்தும் இருந்தது.

சிப்புக்கு அடியில் இருக்கிற ஈய ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் எக்ஸ்ரே. இரண்டு நாள் போர்டுகள் அதைப் பார்க்காமலே போயிருந்தன. ஒரு பகுதி விமான நிலையத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துப் பார்த்ததில் சிலவற்றில் ஒட்டு சரியில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் எதுவும் போகவில்லை என்பது மட்டும்தான் நிம்மதி.

யார் அழித்தது என்று எடிட்டரின் பதிவேட்டைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை, வசந்தி.

வசந்தி பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள். அவளும் என்னைப் போல லைனில் தொடங்கியவள்தான், பதினெட்டு வருடம் பாகம் செருகிவிட்டுப் படம் வரையும் எங்கள் பிரிவுக்கு வந்தவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நான் அத அழிக்கவே இல்ல லா. நோட் தான் போட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

பதிவேடு பொய் சொல்லாது வசந்தி என்றேன் நான். அந்தப் பதிவேட்டுக்கான புரோகிராமை எழுதியவள் நானல்லவா. அவள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவளிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோட் தான் போட்டேன் என்று சொன்னது மட்டும் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்தப் படத்தில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். 'ஓட்டிப் பார்' கட்டத்தின் குறிப்பில், செவ்வாய்க்கிழமை தேதியில், எக்ஸ்ரே தட்டைச் சற்றே சாய்த்து வைக்கவும் என்று வசந்தி எழுதியிருந்தாள். எக்ஸ்ரே பற்றிய குறிப்புக்கு அந்தக் கட்டத்தில் என்ன வேலை? எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் இரண்டு புதிய பொத்தான்களைச் சேர்த்திருந்தேன். என் பொத்தான்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தால் சுத்தமாக இருக்குமே என்று, குறிப்புப் பொத்தானையும் பழைய இடத்திலிருந்து பிடுங்கிப் புதிய பட்டியலில் போட்டேன். அந்தப் பட்டியல் கடைசியில் சேருவது. அதனால் 'குறிப்பு' கீழே இறங்கிவிட்டது. அதற்குக் கீழே இருந்த 'அழி' ஒரு படி ஏறி, 'குறிப்பு' இருந்த அதே இடத்தில் வந்து நின்றது. செவ்வாய் காலை வசந்தி எக்ஸ்ரே கட்டத்தைத் தொட்டு, கையைப் பார்க்காமல், வழக்கமான இடத்தில் அழுத்தியிருக்கிறாள். கட்டம் போய்விட்டது. அடுத்த கட்டம் நகர்ந்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. தாள் திறக்கவில்லையே, இணையம் மெதுவாக இருக்கிறது போல என்று நினைத்து, கட்டத்தை மறுபடி தொட்டு, பொத்தானைக் கீழே தேடிப் பிடித்து, எக்ஸ்ரே என்று நம்பியே குறிப்பை எழுதி முடித்திருக்கிறாள்.

பெட்டியின் இடத்தை மாற்றியவள் நான். டேப் ஒட்டவில்லை, யாரையும் நிற்கவைத்துச் சொல்லவும் இல்லை. கணினித் திரை என்றதும் லைனில் கற்றது எல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது.

விசாரணை அடுத்த புதன்கிழமை. இடையில் நான்கு நாள் இருந்தது. உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. ஒப்பந்தக் கடிதம் அந்த வாரம் கையெழுத்தாக வேண்டியிருந்தது. வசந்தியைக் கேண்டீனில் பார்த்தால் வேறு மேசைக்குப் போனேன். பொத்தான் எங்கே இருந்தால் என்ன, பார்த்து அழுத்த வேண்டியது அவள் பொறுப்புதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். லைனில் உட்காராதவர்கள் அப்படிச் சொல்லலாம். நான் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

விசாரணை அறையில் ஐந்து பேர். மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு அம்மாக்கள், சிவபாதம் சார், வசந்தி, பிறகு பதிவேட்டை விளக்க நான். பதிவேடு சரிதானா என்று கேட்டார்கள். சரிதான் என்றேன். குறிப்புப் போடுவதற்கும் அழிப்பதற்கும் என்ன வித்தியாசம், கொஞ்சம் செய்து காட்டுங்கள் என்றார்கள். மாதிரிப் படம் ஒன்றைத் திறந்து சுவரில் பெரிதாகக் காட்டினேன். இன்னும் எதையும் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. முதலில் குறிப்பைக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவர்கள் முகத்தைப் பார்த்தபடி மவுஸை நகர்த்தி அழுத்தினேன்.

சுவரில் கட்டம் மறைந்தது. அடுத்தது நகர்ந்து வந்து உட்கார்ந்தது. அம்பு ஒட்டிக்கொண்டது. மேலே பச்சை எரிந்தது.

மாற்றியவளே நான்தான். மாற்றி இரண்டு வாரம் ஆகப்போகிறது. என் கையும் பழைய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. வசந்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையே போயிருச்சு சார்," என்றேன். "அந்தப் பொத்தான எடம் மாத்துனது நான். யாருக்கும் சொல்லல. வசந்தி நோட் தான் போட்டா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிற்பாடு சிலர் புத்தி சொன்னார்கள். சிவபாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, படத்தைப் பென்சிலால் தொடாமல் கையெழுத்துப் போட்டது தன் பிழை என்று எழுதிக்கொள்ளும்படி அந்த அம்மாக்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

வசந்தியின் கடிதத்தை ரத்து செய்தார்கள். என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. இரண்டு வாரம் கழித்து சார் என்னைக் கேண்டீனுக்குக் கூப்பிட்டு, எனக்குப் பிடித்த தே ஓவை, பால் ஊற்றாத தேநீரை, அவரே வாங்கிவந்து வைத்தார். "ஒப்பந்தம் வராது கமலா. ரெண்டு தரம் கேட்டுப் பாத்தனான்," என்றார். பரவாயில்லை சார் என்றேன். உண்மையில் பரவாயில்லை என்றெல்லாம் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் தூக்கம் வரவில்லை, பாலம் முடிகிற வரைக்கும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

மீதி இருந்த மாதங்களில் அந்தச் சாம்பல் கட்டத்தைச் செய்தேன். அழித்தால் ஓட்டை மூடாது. கட்டம் புள்ளிக்கோடாக நிற்கும், பச்சை விழாது. அழித்தவர் ஒரு வரி எழுத வேண்டும், அதை இன்னொருவர் படித்துவிட்டுக் கட்டத்தை எடுக்க வேண்டும். எந்தப் பொத்தான் இடம் மாறினாலும் ஒரு மாதம் அதைச் சுற்றி மஞ்சள் கோடு நிற்கும். சார் பென்சிலை வெளியே எடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. வசந்தி மவுஸைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். படத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் திரையில் விரலால் காட்டுவாள், பக்கத்தில் இருப்பவரை அழுத்தச் சொல்வாள். வேலை நடந்தது, யாரும் குறை சொல்லவில்லை. என் கடைசி நாளன்று அவளை உட்காரவைத்து, இப்போது தவறாக அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஒருமுறை அழித்துத்தான் பாரேன் என்று கெஞ்சினேன். "வேணாக்கா," என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை பேர் கேக் வெட்டிப் படம் எடுத்து அனுப்பிவைத்தும், வீட்டுக்கு வரும்போது எனக்கு அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

இதுவரை எழுதிவிட்டு, ஃபரீட் அனுப்பிய பட்டியலை மறுபடி திறந்து, இந்த முறை கடைசி வரைக்கும் படித்தேன். ஓகே, புள்ளி, போஸ் சொன்னார், ஓகே, ஓகே. கீழே, போன மாதத் தேதியில், மலாயில் ஒரு வரி இருந்தது. 'சாலா தெக்கான். சாயா. வசந்தி.' தப்பாக அழுத்திவிட்டேன், நான்தான் என்று எழுதி, கேட்காமலே பெயரையும் போட்டிருக்கிறாள். பட்டியல் முழுக்கத் தேடிப் பார்த்தேன். வேறு யாரும் பெயர் போட்டிருக்கவில்லை. மவுஸையே தொடாதிருந்தவள் மறுபடி தன் கையாலேயே அழுத்தியிருக்கிறாள். அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மற்றதை உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், காரணம் கேட்கிற அந்த ஒரு வரியை மட்டும் எடுக்காதீர்கள் என்று ஃபரீட்டுக்கு எழுதினேன். பிறகு வசந்திக்குப் போன் போட்டேன். பட்டியலில் உன் வரியைப் பார்த்தேன் என்றேன்.

"ஆமாக்கா, கை தவறிருச்சு. அதான் எழுதிட்டேன்ல," என்றாள். பின்னால் தொழிற்சாலை லைனின் இரைச்சல் கேட்டது. "ஏன், என்ன இப்ப?"

ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.